கொட்டாங்குச்சியில் அள்ளிய மண்

அக்கா,

சாயங்காலம் மீனுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கையில் வாசனை இன்னும் இருக்கிறது. நீ கல்லூரியிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை உப்புக்கு வாசனையே கிடையாது, ஆனாலும் உன் ஞாபகம்தான் வந்தது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தால்கூட டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகை, நம் கீரைக் கொல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை மூடின பிறகும் மண்ணில் ஈயம் இருக்குமோ என்று நீதான் சந்தேகப்பட்டாய். அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து, மண்ணிலிருக்கும் ஈயத்தை அது இழுக்கும் என்று, மண்ணை அதில் போட்டுக் குலுக்கினாய். அப்பா சிரித்தார்.

"இன்னா பாப்பா, மண்ணுக்கு சர்பத் போடறியா?"

"ஸ்ட்ராங்கான ஆசிட் ஊத்துனா இன்னும் ஜாஸ்தி இழுக்கும் சித்தப்பா. அப்புறம் அந்த ஆசிட்ட எங்க கொட்டறது? மண்ணப் பாக்கறேன்னு மண்ணயே கெடுக்கறதா?"

உனக்கு உதவுவதாக நினைத்து, மிளகாய் காயவைக்கும் தகரத்திலேயே அப்பா மண்ணையும் காயப்போட்டிருந்தார். மண்வெட்டியால் வெட்டிய மண் வேறு. நீ அதையெல்லாம் கொட்டிவிட்டாய். "இதுல தகரத்தத்தான் அளக்கணும் சித்தப்பா" என்றாய். இரும்பே படக் கூடாதென்று அப்பா தேங்காய் உடைத்து, கொட்டாங்குச்சியைச் சுரண்டிக் கழுவி, அவரே கொல்லையில் குந்தி மறுபடி மண் அள்ளிக் கொடுத்தார்.

வடிகட்டிய தண்ணீரைக் கல்லூரி மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு நீ போன் செய்தாய். "ஈயம் ஜாஸ்தியா கீது சித்தப்பா. கீரை வேணாம், பூ போடுங்க." அப்பா சரி என்றார். பூ போடுவதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்து, நீ போய்விட்டாய்.

உன் கருமாதி முடிந்ததும் அப்பா மறுபடி கீரைதான் விதைத்தார். அன்றிலிருந்து நம் வீட்டில் கீரை ஆக்குவதில்லை. ஏன் பூ போடவில்லை என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "பூவு காசாவற வரிக்கும் யாரு சோறு போடுவா? நம்ம வூட்டுலதான் ஆக்கறதில்லையே, வுடு" என்று சொல்லிவிட்டு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா, எங்கள் பள்ளிச் சத்துணவுக்கும் அந்தக் கீரைதான் வருகிறது. வயிறு வலிக்கிறது என்று சொல்லி நான் தட்டு எடுப்பதில்லை. பக்கத்தில் உட்காருகிறவள் என் பங்கையும் வாங்கித் தின்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். களைப்பாக இருக்கிறது.

விடிந்தால் கீரை அறுக்க வேண்டும். அப்பா முன்னால் எனக்கு வார்த்தை வராது. அந்தக் கொட்டாங்குச்சி என்னிடம்தான் இருக்கிறது, ஓரத்தில் காய்ந்த மண்ணோடு. அவர் கூடையை நீட்டும்போது அதை எடுத்து அவர் கையில் வைத்துவிடுவேன். அது எதற்கென்று அவருக்குத் தெரியும்.