ஓஸ் முனையில் கட்டிய ரவிக்கைக் கை

அக்கா,

கையில் இன்னும் அந்த வாடை இருக்கிறது. தேங்கிய சோப்புத் தண்ணீரின் புளித்த வாடை. எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உங்களுக்கு இந்த வாடை துளியும் ஆகாது. "வூடா இது, சாக்கடையா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பீர்கள். இன்று ஜன்னலைத் திறந்தது நான்தான். திறந்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். மாசியில் நீங்கள் போனபோது ஊரே கூடி அழுதது, எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. தண்ணீர் இறங்காத ஒரு பாழாய்ப்போன வாஷிங் மிஷின் முன்னால் வருகிறது பாருங்கள்.

ஒரே வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் இருக்கும் வீட்டில் பாத்திரம் உருளும் என்பார்கள். நம் வீட்டிலும் நன்றாகவே உருண்டது. ஆனால் துணி துவைக்கிற அன்று மட்டும் சண்டை கிடையாது. அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டுமே! போர்க்குழாய் பாதி நாள் காற்றைத்தான் கக்கும் ஊரில், துவைத்த தண்ணீரைச் சும்மா விட உங்களுக்கு மனசு வராது. மிஷினின் ஓஸ் குழாயோடு இன்னொரு நீள ஓஸைச் செருகி, சுவரில் ஓட்டை போட்டு, கொல்லை வாழைக்கு விட்டீர்கள். உள்ளே நான் தண்ணீரைத் திறந்துவிடும் குமிழைத் திருகுவேன். கொல்லையில் நீங்கள் ஓஸ் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

"வருதுங்களாக்கா?"

"வருது, வருது! நீ அலசற துணியப் பாரு புள்ள!"

உங்கள் வீட்டுக்காரருக்கு நம் கூச்சல் பெரிய வேடிக்கை. "போன் எதுக்கு வாங்கிக் குடுத்தோம் உங்களுக்கு?" என்று சிரிப்பார். இப்போது அவர் யாரோடும் பேசுவதில்லை. புளி மூட்டையை ஏற்றிக்கொண்டு அரூருக்குப் போகிறார், வருகிறார், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். நேற்று துவைத்த தண்ணீர் மிஷினிலேயே நிற்கிறது என்று காலையில் சொன்னபோதுதான் வாயைத் திறந்தார்.

"மத்தியானம் வண்டி வரச் சொல்றேன். இதக் குடுத்துட்டு வேற எடுத்துக்கலாம்."

"நான் சரி பண்ணிப் பாக்கறனுங்க மாமா."

"அவளே இல்ல. இது ஒண்ணுதான் கேடா?" என்று சொல்லிவிட்டு, மிஷின் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டார்.

உங்கள் சேலைகளைக் காரியம் முடிந்ததும் யார் யாரோ எடுத்துப்போனார்கள். நான் எதையும் கேட்கவில்லை. ஆனால் நாம் இருவரும் சேர்ந்து செய்தது இந்த ஒரு வேலைதான் அக்கா. இதையும் வண்டியில் ஏற்றிவிட்டால் உங்களிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சும்?

பிளக்கைப் பிடுங்கினேன். பாதித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றினேன். மிஷினை நகர்த்தி, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குமிழைத் திருகினால் உள்ளே தண்ணீரை மறிக்கும் அடைப்பான் ஒழுங்காகத் தூக்கிக்கொள்கிறது. அங்கே ஒரு கோளாறும் இல்லை. தண்ணீர் இறங்கும் ஓட்டையில் ரவிக்கைக் கொக்கி ஒன்று கிடந்தது. எடுத்துப் போட்டும் இறங்கவில்லை. குமிழை மூடிவிட்டு, ஓஸை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கொல்லைக்குப் போனேன். எங்கும் மடங்கவில்லை, தண்ணீர் முட்டிக்கொண்டு கெட்டியாக நின்றது. வாழையடியில் கிடந்த காய்ந்த சருகுகளை விலக்கினேன். ஓஸ் முனையில் உங்கள் ஊதா ரவிக்கையின் கை.

அந்தக் கோழிக்குஞ்சு நொண்டியது நினைவிருக்கிறதா? ஓஸ் தண்ணீரில் வந்த துணி நூலும் நம் தலைமுடியும் அதன் காலைச் சுற்றி இறுக்கியிருந்தன. மடியில் போட்டு, ஊசி முனையால் ஒவ்வொரு இழையாக எடுத்தீர்கள். "வாயில்லா சீவன், யாருகிட்ட போய்ச் சொல்லும்?" என்றீர்கள். அன்றே பழைய ரவிக்கை ஒன்றின் கையை வெட்டி, ஒரு பக்கம் தைத்து மூடி, மறுபக்கத்தை ஓஸ் வாயில் சாக்கு நூலால் கட்டினீர்கள். தண்ணீர் போகும், பிசிறு போகாது. கட்டியதை நான் பார்த்தேன். அதை அவ்வப்போது அவிழ்த்து, உதறி, கழுவி, மறுபடி கட்டியதை ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் உள்ளே குமிழடியில் அல்லவா நின்றேன். நீங்கள் போன பிறகு அதைத் தொட ஆளில்லை.

அவிழ்த்தேன். உள்ளே பிசிறு களிமண்ணாக இறுகிக் கிடந்தது. பிய்த்துப் பார்த்தால் அடியில் நீள நீளமாக நரைமுடி. இந்த வீட்டில் வேறு யாருக்கு நீள நரைமுடி? "ஐயோ அக்கா" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். அதைத் தூக்கியெறிய மனசு வரவில்லை. கோழிகள் வேறு சுற்றிச் சுற்றி வந்தன. அப்படியே போட்டால் என்ன திட்டு திட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? வாழையடியில் குழி தோண்டி ஆழமாகப் புதைத்தேன். ரவிக்கைக் கையைக் கழுவி, அதே சாக்கு நூலால் கட்டினேன்.

உள்ளே வந்து குமிழைத் திருகினேன். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"வருதுங்களாக்கா?"

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. கொல்லையில் கோழி கொக்கரித்தது. அப்புறம், ஒரு குரல்.

"வருதும்மா."

ஓடிப் போய்ப் பார்த்தேன். வண்டியோடு திரும்பி வந்த உங்கள் வீட்டுக்காரர் ஓஸ் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் காலை நனைத்து வாழைக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் வண்டிக்காரர் ஆரன் அடித்தார்.

"போகச் சொல்லிரு," என்றார். குனிந்த தலை நிமிராமல், "ஓஸ அடுத்த மரத்துக்கு எப்ப மாத்துவா அவ?" என்று கேட்டார்.

"இந்த வாழக்குழி நெறஞ்சதும் மாத்துவாங்க மாமா."

இனி வெள்ளிக்கிழமைதோறும் அந்த ரவிக்கைக் கையை அவிழ்த்துக் கழுவுவது என் வேலை. துணி துவைக்கிற அன்றெல்லாம் கூப்பிடத்தான் போகிறேன். அவர் வீட்டில் இருந்தால் பதில் சொல்வார். அரூருக்குப் போயிருந்தால், கூப்பிட்டுவிட்டு நானே கொல்லைக்கு ஓடி, ஓஸைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு நான் சொல்வேன்.

வருதுங்கக்கா.