தண்ணீருக்குக் கொடுத்த பின்னறை

சிலோன் காலனி,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் வசந்தகுமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அதுபோல அந்த மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய், சிரி. போனில் சொல்ல வாய் வராத ஒரு சங்கதி இருக்கிறது. போன லீவில் வந்தபோது கூடவே நின்று கட்டி, நீல வர்ணம் அடித்துவிட்டுப் போனாயே வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, அது இப்போது இல்லை. மழையில் விழவில்லை, நாங்களேதான் இடித்தோம். ஏன் என்று சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு, பாதியில் போனை எடுக்காதே.

அப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் வேண்டாமென்று கேட்டு வாங்கிவிட்டார், ஆனால் தைலம் தேய்க்கக் கூப்பிட்டால் மட்டும் சின்னப்பிள்ளை மாதிரி நழுவி ஓடுகிறார். பலா இந்த வருஷம் தாராளமாகக் காய்த்தது, பழுக்க விட்டால் யானை வாசலுக்கே வந்துவிடும் என்று எல்லாவற்றையும் காயாகவே வெட்டிவிட்டோம். தினமும் பலாக்காய்க் கூட்டுதான், உன் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நீ பார்க்க வேண்டும்.

போன ஆடி மழையில் மேல்பாடி எஸ்டேட் லைன் வீடுகள் மண்ணோடு சரிந்தது உனக்குத் தெரியும். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஒரு பாத்திரம் மிஞ்சவில்லை. அந்தக் குடும்பங்கள் எல்லாம் டவுனில் சமுதாயக் கூடத்தில்தான் இருக்கிறார்கள், நடுவில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று. என்னோடு கொழுந்து பறிக்கிற காளியம்மாளும் அதில் ஒருத்தி. யார் வீட்டுக் கல்யாணமாவது வந்தால் எல்லாரும் சாமானைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போக வேண்டும், கல்யாணம் முடிந்ததும் திரும்பி வர வேண்டும். இப்படியே எத்தனை நாள் என்று நகராட்சியில் யோசித்து, நம் காலனிக்குக் கீழே சும்மா கிடக்கிற சமதரையில் அவர்களுக்கு வீடு கட்டுவது என்று முடிவானது. வீட்டோடு தார் ரோடு, பைப்பு, தெருவிளக்கு எல்லாம் வரும், அதெல்லாம் நம் காலனி வழியாகத்தான் வந்தாக வேண்டும். நமக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிற ஊர் அல்லவா நம்முடையது.

மாசி மாதம் பிளான் போடுவதற்கு லிஜி என்று ஒரு பெண் வந்தாள். எஞ்சினியர், நிலம்பூர் பக்கத்து மலையாளப் பிள்ளை, காலில் கன்வாஸ் ஷூ, யாரைப் பார்த்தாலும் சேச்சி சேட்டா என்று சிரித்த முகம். வீடு வீடாக வந்து, மழைக்காலத்தில் மேலேயிருந்து தண்ணி எதிலே இறங்கி எங்கே போகும் என்று ஒரே கேள்வியைக் கேட்டாள். நம் ஆட்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில், தண்ணியா, இங்கேயா, அப்படி ஒண்ணும் வராதுங்களே. நம் வீட்டுக்குப் பின்னால் எஸ்டேட் சரிவிலிருந்து இறங்கி, அந்தச் சமதரையில் போய்த் தேங்குகிற ஓடை, நீ சின்ன வயதில் காகிதக் கப்பல் விட்ட அதே ஓடை, அப்படி ஒன்று இல்லவே இல்லை. அவள் வருவதற்கு முதல் வாரமே பரமசிவன் மாமா ஏற்பாட்டில் அதில் மண்ணைக் கொட்டி மூடி, மேலே அவரைப் பந்தல் போட்டு, ஆட்டையும் கட்டியாகிவிட்டது. நானும் நாலு கூடை மண் சுமந்தேன், சிரிக்காதே.

மாமாவைக் குறை சொல்லாதே. நிலச்சரிவு அபாயம் என்று மேப்பில் ஒரு தடவை சிவப்பு அடித்துவிட்டால் முதலில் கிளம்பச் சொல்வது நம்மைத்தான் என்று அவருக்குப் பயம். குழாயை இன்னும் சிலோன் பேச்சில் பீலி என்று சொல்கிற மனிதர். சிலோனில் ஜீப்பில் வந்த அதிகாரி கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னவர்கள்தான் முதல் கப்பலில் ஏற்றப்பட்டார்கள் என்பது அவர் கணக்கு. தலைமன்னாரில் ஒரு தடவை, மண்டபம் கேம்பில் ஒரு தடவை, இங்கே வந்து எஸ்டேட் லைனிலிருந்து இந்தக் காலனிக்கு ஒரு தடவை என்று மூட்டை கட்டியவர்கள் நாம். கையில் பேப்பரோடு யார் வந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுவது நம் ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது.

லிஜியிடம் பொய் சொன்னது எனக்கு உறுத்தவே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். உறுத்தியது காளியம்மாளிடம்தான். ஒரு நாள் வேலை விட்டு வரும்போது என் கையைப் பிடித்து அந்தச் சமதரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டுக்கு முளை அடித்திருந்தார்கள், ஓடை வந்து தேங்குகிற இடத்துக்கு நேர் நடுவில். இங்க அடுப்பு, இங்க சாமி படம், இந்த மூலையில மக பிரசவத்துக்கு வந்தா படுத்துக்குவா என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, ஏங்கக்கா, மழைக்கு இங்க தண்ணி ஏறாதுல்ல என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள், சந்தேகமே இல்லாமல். தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் எல்லாரும் கூடியிருந்தபோது வாயைத் திறந்துவிட்டேன். லிஜியிடம் ஓடையைக் காட்டப் போகிறேன் என்றேன். ஒரே சத்தம். பரமசிவன் மாமா, எங்கள திரும்பவும் மூட்டை கட்ட வைக்கணும்னு நிக்கிறியா தங்கச்சி என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. நாம் இந்தக் காலனிக்கு வந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள் என்றேன். நான் அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. முதல் மழையிலேயே அரிசி மூட்டை நனைந்து, என் அம்மா தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றாள். மழை விட்டதும் பார்க்க வந்த ஊர்க்காரர்கள், இது எப்பவும் தண்ணி போற வழிதானே என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது, நாம் கூரை போடும்போது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் இடத்தில் நாம் நிற்கிறோம் என்றேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார், ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் அவரே அவரைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

லிஜி வந்து பார்த்துவிட்டுத் திட்டவில்லை. அந்த மண் மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணிக்கு நல்ல வழி விட்டால் ஆரும் எங்கயும் போகண்டா சேச்சி, நான் மேலே பேசறேன் என்றாள். சொன்னபடியே பேசினாள், நம் காலனிக்குச் சிவப்பு இல்லை. மேலேயிருந்து கீழே ஆற்றுக்கு நேராகக் கருங்கல்லில் அகலமான கால்வாய், அது போதும் என்று முடிவானது. வெள்ளைப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே இறங்கி வந்தவள் நம் வீட்டுக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டாள். கோடு உன் அறைக்குள் நேராகப் போகிறது. ஒதுக்கி வளைத்தால் அந்த வளைவில் தண்ணீர் முட்டி, பக்கத்தில் இருக்கிற இருளப்பன் வீட்டுச் சுவரைத்தான் தள்ளும். அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஷூவிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். நேராகவே போடும்மா என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பாவிடம் கேட்காமல் சொன்னதுதான் தப்பு. சாயந்திரம் விஷயத்தைக் கேட்டவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்ததும் கடப்பாறையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். எம்மவன் வெச்ச ஜன்னல இன்னொருத்தன் நெம்பறதுக்கு விடமாட்டேன் என்று, ஒரு கண்ணாடி உடையாமல் அவர் கையாலேயே கழற்றினார். கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் சாக்குப் போட்டுச் சுற்றி ஹாலில் பத்திரமாக இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் எத்தனை அறை என்று கேட்பார்கள், அதுதான் எனக்குக் கவலை. மேலே மாடி எழுப்பிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. நீ வந்து பார்த்துச் சொல்.

போன புதன்கிழமை மதியம் இந்த வருஷத்து முதல் பெரிய மழை. காலனி முழுக்கக் குடையோடு கால்வாய் ஓரத்தில் தேர் பார்க்கிற மாதிரி நின்றோம். செம்மண் தண்ணீர் தேயிலைச் சருகையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது, எங்கேயும் முட்டாமல், ஒரு வாசலிலும் ஏறாமல் நேராக ஆற்றுக்கு இறங்கிவிட்டது. கீழே காளியம்மாள் வீட்டுக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை, தரை மட்டும்தான். அந்தத் தரையில் குடையோடு நின்றுகொண்டு காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என் பக்கத்தில் வந்து, இனிமே எந்த ஆபிசர் வந்தாலும் நீயே பேசிரு தங்கச்சி, எனக்கு இல்லன்னு சொல்லியே பழகிப்போச்சு என்றார். உன் கட்டில் கிடந்த இடத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வந்தது, துக்கத்தில் இல்லை. உன்னைக் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாய், அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை. கேட்டுவிட்டு உன்னை அங்கே தனியாகப் படுத்துக்கொண்டு அதையே நினைக்க வைக்க மனசு வரவில்லை.

வெயிலில் வேலை செய்யும்போது தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொள், பச்சைத் தண்ணீர் குடிக்காதே. ஐப்பசியில் அவர்களெல்லாம் குடிவரும்போது நீயும் லீவு போட்டுவிட்டு வரப் பார். அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக வைத்திருப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. இத்தனை நாளாக வீடியோவில் நீ என் ரூமைக் காட்டும்மா என்று கேட்டபோதெல்லாம் கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை என்று சாக்குச் சொன்னேன். இதைப் படித்த அன்று சாயந்திரம் கேள், காட்டுகிறேன்.

உன் அம்மா,
பா. ரஞ்சனி