ஒரகடம் கூட்ரோட்டில் நாங்குநேரி பாஸ்தா

பென்னலூர்,
ஞாயிறு மாலை.

அன்புத் தங்கை மரகதத்துக்கு,

கூடப் பிறக்காத அக்கா சசிரேகா எழுதுவது. இங்கே நான், உன் அன்பு அண்ணனான என் வீட்டுக்காரர், அவர் அம்மாவான அத்தை மூவரும் சௌக்கியம். நீயும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் போன் உன் அப்பாவிடம் இருக்கிறது. நான் அடித்தால் அவர் கட் பண்ணிவிடுகிறார். அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல்முறையாகப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் நீ பிரிக்கப்போவதில்லை, அவர்தான் பிரிப்பார். ஆகவே இதை முதலில் படிக்கும் அப்பாவுக்கு என் பணிவான வணக்கம். ஒளிவுமறைவாக ஒன்றும் எழுதப்போவதில்லை அப்பா. முக்கால்வாசி தின்கிற சங்கதிதான். படித்து முடித்ததும் மகள் கையில் கொடுத்துவிடுங்கள்.

முதலில் கம்பெனி விஷயம். லைனில் உன் இடத்தில் ஒரு புதுப் பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். பாவம், பச்சை ஒயருக்குப் போட வேண்டிய ஸ்லீவை நீல ஒயருக்குப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்துகிறது. சூப்பர்வைசர் ஜீவானந்தம் சார் நேற்று என்னிடம் வந்து, “இன்னாம்மா சசி, உன் ஜோடி எப்ப வரும்? லீவுன்னு போட்டு வச்சிக்கினு கீறேன். வர்ற திங்கக்கெழம வரைக்கும்தான். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல” என்று சொன்னார். நாளை அல்ல, அடுத்த திங்கள். அன்று காலை ஷிப்டுக்கு நீ நிற்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். ஹாஸ்டல் கட்டிலும் அத்தோடு போய்விடும். இப்போதைக்கு உன் கட்டிலில் என் சால்வையை விரித்துப் போட்டு, ஆள் இருக்கிற மாதிரி காட்டிவிட்டு வந்திருக்கிறேன். வார்டன் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

அத்தை கூத்தைக் கேள். அண்ணன் தள்ளுவண்டிக் கடைக்கு வாங்கிய பாஸ்தா பாக்கெட் ஒன்று வீட்டில் கிடந்தது. நான் ஷிப்டில் இருந்த நேரத்தில் அத்தை அதை விரல் அப்பளம் என்று நினைத்து எண்ணெய் காயவைத்துப் பொரித்துவிட்டார். அது பொரியவே மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறது. எண்ணெய் காயவில்லை போலிருக்கிறது என்று அடுப்பைக் கூட்டியிருக்கிறார். நான் வந்து பார்த்தால் ஒரு தாம்பாளம் நிறைய, செக்கச் செவேலென்று, தட்டினால் டங் டங் என்கிறது. “இன்னாடி இது, உங்க கம்பெனி மாலா? கல்லு மாரி கீது, கடவாப் பல்லே ஆடிப்போச்சி” என்று என்னைத்தான் திட்டினார். ஆனாலும் மிளகாய்த்தூளைத் தூவிப் பாதித் தாம்பாளத்தைக் காலி பண்ணியிருந்தார். மீதியை மறுநாள் எனக்கு டிபன் பாக்ஸில் வைத்தார்.

அப்பா, இனி உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மரகதம், நீ கொஞ்சம் சும்மா இரு.

பாஸ்தா என்பது இத்தாலிக்காரர்கள் சாப்பிடும் கோதுமைக் குழல். வேகவைத்து, சாஸ் ஊற்றிப் புரட்டிக் கொடுப்பார்கள். மாலுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து தின்றால் முந்நூறு ரூபாய். எங்கள் ஒரகடம் கூட்ரோட்டில் நின்றபடி தின்றால் அறுபது. கம்பெனி பஸ் வருவதற்குள் தின்று முடித்துவிடலாம். எனக்கும் மரகதத்துக்கும் சம்பள நாள் என்றால் இதுதான் வேலை. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வண்டி. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒருவர் முட்டைக்கோஸும் முட்டையும் போட்டு நூடுல்ஸ் மாதிரியே கிண்டிக் கொடுத்தார், பாஸ்தா என்று அவர் சொன்னதால் நம்பினோம். குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு வண்டியில் சீஸைக் கொட்டிவிட்டார்கள். கரண்டியைத் தூக்கினால் அது நூலாக நீண்டு மரகதத்தின் தாடை வரைக்கும் ஒட்டிக்கொண்டது. சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறியதுதான் மிச்சம்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரருக்குக் கான்ட்ராக்ட் முடிந்து வேலை போயிற்று. எல்லாரும் ஃப்ரைட் ரைஸ் போடுகிறார்கள், நாம் பாஸ்தா போடுவோம் என்று வண்டி வாங்கிவிட்டார். போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அவருடைய ஒயிட் சாஸை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டலாம். ரெட் சாஸ் பாட்டிலில் இருந்து ஊற்றுவது, இனிப்பும் புளிப்புமாக நாக்கில் ஒட்டாமல் நிற்கும். கட்டின பெண்டாட்டி நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்குகிறவர்கள் பாதித் தட்டோடு வைத்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

ஒரு சம்பள நாளில் மரகதத்தை எங்கள் வண்டிக்கே கூட்டிப்போனேன். ஒரு வாய் வைத்தாள். தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, “அண்ணே, தப்பா நெனைக்காதிய. சாஸ்ல உசிரே இல்லியே. எங்க அப்பா பாத்தா சட்டியோட தூக்கி ஓடையில போட்டுருவாவ” என்றாள். என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். “அப்ப நீயே செஞ்சி காட்டு” என்று கரண்டியை நீட்டிவிட்டார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். சோம்பு, பட்டை, வெங்காயம், தக்காளி. உங்கள் புரோட்டாக் கடைச் சால்னாவேதான் அப்பா. தேங்காயை மட்டும் விட்டுவிட்டு, கடைசியில் குழலைப் போட்டுப் புரட்டி, மேலே கொஞ்சம் சீஸ். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வாசனைக்குத் திரும்பிப் பார்த்தார்கள். ஒடிசாப் பையன்கள் ஆளுக்கு இரண்டு தட்டு வாங்கினார்கள். அன்று குப்பைக் கூடையில் வெறும் டிஷ்யூதான் கிடந்தது. என் வீட்டுக்காரர் தோற்றுப்போனதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த நாளே உங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பலகையில் “நாங்குநேரி பாஸ்தா” என்று சாக்பீஸால் எழுதிப் போட்டார். ஷிப்ட் இல்லாத நாட்களில் மரகதம் வந்து சாஸ் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

அப்படி ஒரு நாளில்தான் உங்கள் ஊர் வானமாமலை அண்ணன் ஓட்டும் கம்பெனி பஸ் சிக்னலில் நின்றிருக்கிறது. ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறார், பிறகு கேட்டபோது எனக்கும் காட்டினார். படத்தில் மரகதமும் ஓர் ஆணும் தோளோடு தோளாக நிற்கிறார்கள். அந்த ஆண் என் புருஷன். அந்த வண்டியின் அகலமே அவ்வளவுதான். மூன்றாவது ஆள் நிற்க இடம் கிடையாது, அதனால்தான் நான் வெளியே நின்றேன். படத்தின் இடது ஓரத்தில் எவர்சில்வர் தட்டைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரியும், பச்சை வளையல் போட்ட கை. எடுத்துப் பாருங்கள். அது என் கை. வானமாமலை அண்ணன் போனை இன்னும் ஒரு சாண் திருப்பியிருந்தால் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பேன், இத்தனை வம்பும் வந்திருக்காது.

நீங்கள் ஹாஸ்டல் வாசலுக்கு வந்த அன்றைக்கு இதைச் சொல்லத்தான் ஷிப்ட் உடுப்போடு ஓடி வந்தேன். நீங்கள் என் முகத்தையே பார்க்கவில்லை. “புரோட்டாக் கடை வேண்டாம்னுதான் கம்பெனிக்கு அனுப்புனேன், இங்கயும் வந்து தெருவுல நிக்காளே” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. பெண்ணைப் பெற்றவருக்குப் பயம் வரத்தான் செய்யும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெற்ற பெண் வாயால் சொன்னதைவிட ஜன்னல் வழியாக எடுத்த படம் பெரிதாகிவிட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பெரியவர், மன்னிக்க வேண்டும்.

வண்டியை நினைத்து நான் எழுதவில்லை. சாஸ் மறுபடி பழைய கதிதான், “அந்த திருநெல்வேலி பொண்ணு எங்கக்கா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்து வண்டிக்குப் போகிறார்கள். போகட்டும். எங்கள் பிழைப்பை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அவள் வேலை போகக் கூடாது. ஒயரைக் கையில் எடுத்தால் அவள் வேகத்துக்கு எங்கள் லைனிலேயே ஆள் கிடையாது. அதை மட்டும் நினைத்துப் பாருங்கள். வண்டிப் பக்கம் வரவே கூடாது என்றால் வராமல் இருக்கட்டும். லைனுக்கு அனுப்பி வையுங்கள்.

மரகதம், இப்போது உன் கைக்கு வந்திருந்தால், உன் பங்குக்கு ஒரு வரி. நீ இல்லாமல் சம்பள நாளுக்கு நான் எந்த வண்டிக்கும் போகவில்லை. டிபன் பாக்ஸில் அத்தை வைத்த கல்லைத்தான் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல் போவதற்குள் வந்து சேர்.

வழி பார்த்திருக்கும் அக்கா,
சசிரேகா



நாங்குநேரி,
வெள்ளிக்கிழமை.

மகள் சசிரேகாவுக்கு,

நாங்குநேரி புரோட்டாக் கடை இசக்கிபாண்டி எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியபடியே நான்தான் பிரித்தேன், நான்தான் முதலில் படித்தேன். உன் வணக்கம் வந்து சேர்ந்தது. கோபமும் வந்து சேர்ந்தது. இரண்டுமே நியாயம்தான் அம்மா.

அந்தக் கையைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தாய். கடையைப் பூட்டிவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். கை இருக்கிறது, பச்சை வளையலும் இருக்கிறது. ஆனால் எனக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது. வானமாமலை அனுப்பிய அன்று நான் அந்தப் பையன் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். இப்போதுதான் சட்டியைப் பார்த்தேன். மரகதம் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் குனிந்து நிற்கிறாள். கோடு மூடாமல் நின்றால் சால்னா பதம். எங்கள் கடையில் அப்படித்தான் பார்ப்போம். அந்த நேரத்தில் பக்கத்தில் ராஜாவே வந்து நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கே எத்தனையோ தடவை தெரிந்ததில்லை. என் பிள்ளை எண்ணெய் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைப் போய் நான் என்னவோ நினைத்தேன்.

படத்தில் எண்ணெய் இன்னும் பிரியவில்லை. அவசரத்தில் இறக்கியிருப்பாள். தக்காளியை இன்னும் வதக்கச் சொல்லியிருக்கிறேன். என் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு அரைப் பதத்தில் இறக்கினால் எனக்குத்தான் கேவலம் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்லு.

அவளை அடுப்புப் புகையில் நிற்க வைக்கக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் அனுப்பினேன். அவள் அங்கேயும் போய் ஓர் அடுப்பைத் தேடிப் பிடித்திருக்கிறாள். என்ன செய்ய. கொஞ்சம் வருத்தம்தான், கொஞ்சம் சந்தோஷமும் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அந்தக் குழல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த லீவுக்கு அவள் வரும்போது இரண்டு பாக்கெட் கொடுத்து விடு. வேகவைத்துத்தான் பார்ப்பேன். அத்தையின் பல் இப்போது எப்படி இருக்கிறது?

இதைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. அதனால் ஆள் மூலம் கொடுத்து அனுப்புகிறேன். கொண்டுவந்தவள் உன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள். ஒட்டித்தான் கொடுத்தேன், பிரித்திருக்க மாட்டாள். பிரித்துப் படிக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது, அது என்னோடு போகட்டும்.

ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருப்பாள், பசி தாங்கமாட்டாள். வாய் திறந்து கேட்கவும் மாட்டாள். அவளை முதலில் சாப்பிட வை. அந்தப் படத்தில் தட்டைப் பிடித்திருக்கிற கை எப்போதும் அவள் பக்கத்தில் இருக்கட்டும் அம்மா. நீயும் உன் வீட்டுக்காரரும் நன்றாக இருப்பீர்கள்.

ஆசிகளுடன்,
இசக்கிபாண்டி