சித்தப்பாவின் முதுகில் ஏறினேன்

14 ஆகஸ்டு 1941, வியாழன்

'மிதிக்க மாட்டேன்' என்று இன்று நான் சொல்லவில்லை.

நான் கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று ஆனையூரில் எல்லோரும் நம்புகிறார்கள். நெல் மூட்டை தூக்கியதிலிருந்து சித்தப்பாவுக்கு இடுப்பில் தொடங்கும் வலி குதிகால் வரை இறங்குகிறது. காலையில் வந்து எங்கள் கூடத்தில் குப்புறப் படுத்துவிட்டார்.

போன மாதம்தான் ஒரு வைத்தியப் பத்திரிகையில் படித்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வில்லை பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இப்படித்தான் காலுக்கு ஓடுமாம். அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம்.

"ஏறு தாயி. மூட்டை தூக்குன முதுகுக்கு உன் கனம் எம்புட்டு?" என்றார் சித்தப்பா.

"எம்புட்டுப் பேரு இவ மிதிச்சு எந்திரிச்சுப் போயிருக்காக!" என்றாள் அம்மா.

அந்தப் பெருமை எனக்கும் பிடித்திருந்தது. ஏறினேன். மூன்றாவது மிதியில் "ஆத்தா!" என்று கத்தினார். என் உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. இப்போதும் அங்கேயே இருப்பதுபோல் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

எழுந்தவரால் இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"யாராவது மிதிச்சாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்கய்யா. வரப்புல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் சித்தப்பா, என்னைப் பார்க்காமல். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

பலகைக் கட்டிலில் ஆறு வாரம் படுக்க வேண்டுமாம். சாயங்காலம் வரை பாதம் அசையவில்லை.