சிவப்புத் துணி கட்டிய கத்தரிக்காய்

அக்கா,

மீன் எடுக்கப் பிறீசரைத் திறந்தால் கதவோரத்தில் உங்கள் மருந்துப் போத்தல் நிற்கிறது. உள்ளே இருப்பது கத்தரி விதை. ஒவ்வொரு முறையும் எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். சத்தம் குறைந்துகொண்டே வருகிறது.

தொழிற்சாலையில் ஒரே மேசையில் பெட்டி ஒட்டிய நாம் இருவரும், நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து சோளம் விளைந்த நிலம். நீங்கள் வெண்டியும் பாகலும் கத்தரியும் போட்டீர்கள். சனிக்கிழமைகளில் வெக்ஸ்போர்ட் சந்தையில் மேசை விரித்து, "கடைக் காய் இல்லை தங்கச்சி, விடியக் காலமை ஆய்ஞ்சது" என்று போகிற வருகிறவர்களை மறிப்பீர்கள்.

ஒவ்வொரு கோடையும் முந்திக் காய்க்கும் செடியில் நல்ல காய் ஒன்றைப் பார்த்து, பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணியைக் காம்பில் கட்டுவீர்கள். "உதைத் தொடாதை, உது விதைக்கு" என்று என் கையைத் தட்டிவிடுவீர்கள். இந்தக் குளிர் நாட்டின் கோடை முடிவதற்குள் காய்க்க வேண்டுமென்றால் முந்துகிறதன் விதைதான் வேண்டும் என்பது உங்கள் கணக்கு. பதினொரு கோடை அப்படித் தெரிந்தெடுத்து, ஆடியிலேயே காய்க்கும் கத்தரி ஒன்றை உண்டாக்கிவிட்டீர்கள்.

முதல் வருடம் நான் அந்தத் துணியை அவிழ்த்துக் காயைச் சந்தைக்கு வந்த ஒரு அன்ரிக்கு விற்றுவிட்டேன். செடியிலிருந்து ஆய்ந்த காயில் விதை முற்றாது என்று தெரிந்தும் நீங்கள் அவருடைய காருக்குப் பின்னால் ஓடினீர்கள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "உனக்குக் கண் பிடரியிலயோ?" என்றீர்கள். அன்று முழுக்க வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "கவனம், உவவை விட்டால் என்னையும் வித்துப்போடுவா" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

கடைசிப் பங்குனியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டீர்கள்.

"நாத்துப் போட்டிட்டியோ?"

"ஓம் அக்கா. தட்டு நிறைய முளைச்சிருக்கு."

பொய். முந்தின கிழமைதான் கிழவர் கூப்பிட்டிருந்தார். நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாயிற்று. அவருக்கு முழங்கால் போய்விட்டது, பிள்ளைகளுக்குத் தோட்டம் வேண்டாம். சொல்லும்போது அழுதுவிட்டார். எனக்குக் கோபிக்கவும் வரவில்லை. "என்ர அலுமாரியில சிவப்புத் துணி கிடக்கு, எடுத்து வை" என்றீர்கள். தலையாட்டினேன். பத்து நாளில் நீங்கள் இல்லை.

இப்போது அங்கே வரிசையாக வீடுகள். நம் ஆட்களும் வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் அங்கே ஒரு புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனேன். அவர்கள் பால் காய்ச்சும்போது, நம் பாத்தி எந்தப் பக்கம் இருந்தது என்று யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பிடிபடவில்லை. யாரைக் குறை சொல்வது? அவர்களுக்கும் வீடு வேண்டும். வேறு நிலமும் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் இரண்டு மணித்தியால ஓட்டம், தனி ஆளாக என்னால் இயலாது.

மூன்று வருடமாகப் பல்கனிப் பூச்சாடியில் போடுகிறேன். வடக்குப் பார்த்த பல்கனி. பூக்கிறது, உதிர்கிறது. இந்த வருடம் ஐந்து விதைதான் முளைத்தது. புரட்டாதிக் கடைசியில் ஒரே ஒரு பிஞ்சு பிடித்தது, சுண்டுவிரல் அளவு. உறைபனிக்குப் பயந்து சாடியை உள்ளே தூக்கி வைத்தேன். இங்கேயும் வெயில் இல்லை. இலை மஞ்சளாகிவிட்டது. முற்றாது அக்கா, எனக்குத் தெரியும்.

இன்று காலை உங்கள் சிவப்புத் துணியில் ஒரு துண்டு கிழித்துக் காம்பில் கட்டினேன். என்னவென்று பார்க்க மகள் கிட்டே வந்து கையை நீட்டினாள்.

"உதைத் தொடாதை, உது விதைக்கு" என்றேன்.