நிறுத்தாமல் வா

கூரிங்கா மாட்டுப் பண்ணை,
தெற்கு ஆஸ்திரேலியா.
ஜூன் 1986

அன்புள்ள டெஸ்மண்ட்,

உன் கடிதம் நேற்றுத் தபால் விமானத்தில் வந்தது. நீயும் பிள்ளைகளும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. இங்கே நானும் இருக்கிறேன். நல்ல மழை பெய்து புல் தலையெடுத்திருக்கிறது, மாடுகளுக்குக் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. என் வலது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பக்கத்துப் பண்ணைக் கிளென் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு வரும் பழைய தடத்தில் வராதே. போன பிப்ரவரியில் உன் அண்ணன் ஆர்ச்சி விழுந்து கிடந்த இடத்தில் இரும்புச் சிலுவை நட்டே ஆக வேண்டும் என்கிறாய். உன் ஆசை நியாயம்தான். சிலுவையைப் பெரிய சாலை வழியாகச் சுற்றி எடுத்து வா, அவரைப் புதைத்த இடத்தில் நடுவோம். ஒரு நாள் கூடுதலாகும். ஆகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?

ஆனால் நான் தலைகீழாக நின்றாலும் நீ கேட்கப்போவதில்லை. பிடித்த பிடியை விடுகிற குடும்பமா உங்களுடையது! அதனால் தெரிந்ததை எழுதுகிறேன், ஒழுங்காகப் படி.

அந்தத் தடத்தை இப்போது யாரும் செப்பனிடுவதில்லை. மழை வெட்டிய பள்ளத்தின் மேல் மாவு போலப் புழுதி மூடியிருக்கும், சமதரை என்று நம்பி விட்டால் அச்சு முறியும். முல்கா மரத்தின் ஒடிந்த கட்டைகள் டயரின் விலாவைக் கிழித்துவிடும். இரண்டு மாற்றுச் சக்கரமாவது இருக்கட்டும். தண்ணீரை ஒரே பீப்பாயில் வைக்காதே, அது ஓட்டையானால் கதை முடிந்தது. உன் வரைபடத்தில் நடுவழியில் காற்றாடிக் கிணறு ஒன்று போட்டிருக்கும். அது வற்றி எத்தனையோ வருஷம் ஆகிறது. மணல் மேடு வந்தால் டயர் காற்றைக் குறை. இந்த வருஷம் புல் அதிகம். வண்டிக்கு அடியில் சைலன்சரில் சேர்ந்து தீப்பிடிக்கும், அடிக்கடி குனிந்து பார்த்துப் பிடுங்கிப் போடு. அந்த வேலையெல்லாம் வேலியின் மேற்குக் கதவுக்கு முன்னாலேயே முடித்துக்கொள். கதவைத் தாண்டினால் களிமண் பொட்டல். அங்கே வண்டியை விட்டு இறங்காதே. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்.

ஏன் என்று கேட்பாய். கிளெனிடம் கேட்டுப் பார், சிரிப்பான். என்னிடம், "மெர்லு, வெயிலு உன் மண்டைய வறுத்துடுச்சு, பட்டணம் போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வா" என்றான். சரி, நீ ஏனப்பா இப்போது அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று கேட்டேன். டயர் தேய்கிறதாம். நாற்பது வருஷமாகத் தேயாத டயர்!

உன் அண்ணனைக் கண்டெடுத்தபோது நீ இங்கே இல்லை. அடக்கத்துக்கு வந்த உன்னிடம் முழுதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டி பழுதாகவில்லை, டெஸ். கிளெனும் போலீஸ்காரரும் போய்ப் பார்த்தபோது அது பொட்டலின் ஓரமாக, கைபிரேக் போட்டு, கதவு சாத்தி, ஒழுங்காக நின்றிருக்கிறது. சாவி போட்டதும் கிளம்பியது. பின்னால் கேன்கள் நிறையத் தண்ணீர். போலீஸ்காரர் என்னிடம், "இவ்ளோ தண்ணிய வச்சிக்கிட்டு அனுபவசாலி ஒருத்தரு ஏம்மா எறங்கி நடந்தாரு?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வெயிலில் புத்தி பேதலித்ததாக எழுதிக்கொண்டு போனார்.

வெகுதூரம் உள்ளே ஒரு மரத்தடியில் கிடந்தாராம். காலடித் தடம் ஒருவருடையதுதான், கோடு போட்டது போல நேராகப் போயிருந்ததாம். கையில் தண்ணீர்க் குடுவை, கழுத்துவரை நிறைந்தபடி. உதடு வெடித்துச் செத்த மனிதர் அதில் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. இதைக் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தண்ணீர் அவருக்கானது இல்லை. யாருக்கோ கொண்டுபோயிருக்கிறார்.

நீயும் இங்கே வளர்ந்தவன்தான். வழியோரம் ஒருவர் நின்று கையசைத்தால் நாம் யாரும் கடந்து போவதில்லை. காளை விவகாரத்தில் கிளெனோடு நான்கு வருஷம் முகம் பார்க்காமல் இருந்த ஆர்ச்சி, அவன் வண்டி பஞ்சராகி நின்றதைக் கண்டதும் இறங்கிப்போய்ச் சக்கரம் மாற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, முறைத்துக்கொண்டே மாற்றினார். ஆள் நின்றால் நமக்குக் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அங்கே எது நிற்கிறதோ, அதற்கு நம் வழக்கம் தெரிந்திருக்கிறது.

நான் பார்த்தேன். ஏப்ரலில் கிளென் வீட்டிலிருந்து பம்பு சாமான் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, பட்டப்பகலில் பார்த்தேன். பொட்டலுக்கு அப்பால் ஒரு ஆள் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தது. என் கால் பிரேக்கில் அழுந்திவிட்டது. வண்டி மெதுவான பிறகுதான் இடது தோளைச் சாய்த்து நிற்கும் அந்த நிற்பைக் கவனித்தேன். முப்பத்தொரு வருஷம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த நிற்பு, தெரியாதா எனக்கு? உன் அண்ணன்தான். அடக்கத்தன்று நானே பொத்தான் போட்டுவிட்ட அதே நீலச் சட்டை. கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய் என்னிடம் தண்ணீர் கேட்டார்.

நான் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தேன். வீடு வரும்வரை ஊளையிட்டு அழுதேன். ஐயோ டெஸ், கட்டிய பெண்டாட்டி நான், பக்கத்தில் கேன் நிறையத் தண்ணீர் தளும்புகிறது, அந்த மனிதருக்கு ஒரு வாய் கொடுக்காமல் வந்துவிட்டேன். பேயோ, வெயிலோ, என் பைத்தியமோ, எதுவாகவும் இருக்கட்டும். அன்றிலிருந்து குழாயைத் திறந்தால் குடிக்க முடியாமல் நிற்கிறேன்.

உன்னைக் கேலி செய்ய ஆர்ச்சி என்ன சொல்வார் தெரியுமா? "நம்ம டெஸ்ஸு கங்காரு கையாட்டினாலும் வண்டிய நிறுத்தி எங்க போவணும்னு கேப்பான்" என்பார். அந்த இளகிய மனசுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அண்ணனே பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்துவிடு. அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் என் மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நீ கிளம்பியதைக் கிளென் ரேடியோவில் எனக்குச் சொல்வான். பொழுது சாயும்வரை நீ வந்து சேராவிட்டால், இந்தப் பக்கத்திலிருந்து தேடி வர என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. நான் கேன்களை நிரப்பிக்கொண்டு அந்தத் தடத்தில்தான் வந்தாக வேண்டும். ஒரு தடவை நிறுத்தாமல் வந்துவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது, டெஸ். பெரிய சாலையில் வாப்பா.

உன் அண்ணன் மனைவி,
மெர்ல்