அஞ்சலாட்சியின் வடகம்

மூலக்குளம், புதுச்சேரி
12-6-2006

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். பாரீஸில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். அம்மா போன பிறகு விளக்கேற்றுவதும் என் வேலையாகிவிட்டது.

போன மாதம் போனில், பாப்பாவுக்கு ஆயா முகந்தான் தெரியாது, ஆயாவோட மீன் கொழம்பாவது தெரியட்டும், எழுதி அனுப்புப்பா என்றாய். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, முப்பத்து நாலு வருடம் சாப்பிட மட்டும்தான் எனக்குத் தெரியும். எதிர்வீட்டு சுலோசனாவைக் கேட்டேன். பழைய வீட்டில் நமக்கும் அவளுக்கும் நடுவே ஒரே சுவர். அஞ்சலாட்சி அக்கா மொத சங்குக்குப் புளி ஊத்தும், ரெண்டாம் சங்குக்கு மீனு போடும், அவ்ளோதாங்க எனக்குத் தெரியும் என்றாள். அவள் சொன்னது மில் சங்கு. அதே மில்லுக்கு ஓடி ஓடி வேலைக்குப் போனவனுக்குத் தெரியாதா, இரண்டு சங்குக்கும் நடுவே இருபது நிமிடம். ஆகவே புளித்தண்ணீர் ஊற்றியதிலிருந்து இருபது நிமிடம் கொதிக்க வேண்டும், மாங்காய் பாதியில், மீன் கடைசியில். மீன் போட்ட பிறகு கரண்டி போட்டுக் கிண்டாதே, சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டு.

நல்லெண்ணெயில் முதலில் தாளிப்பது வெங்காய வடகம். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. போன வருடம் சித்திரையில் அம்மா மொட்டை மாடியில் காயவைத்து உருட்டியதில் டப்பாவில் ஒன்பது உருண்டைதான் மிச்சம். செய்து பார்க்காமல் உனக்கு என்ன எழுதுவது, செய்து பார்த்தால் வடகம் தீர்ந்துபோகும். இரண்டு நாள் டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன். பிறகு தேங்காய்த்திட்டுக்கு சைக்கிளில் போய் சங்கரா மீன் வாங்கி வந்து செய்தேன். வடகத்திலேயே உப்பு இருப்பது தெரியாமல் கை நிறைய அள்ளிப் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. அம்மா கையால் உருட்டியதைச் சாக்கடையில் ஊற்றினேன் மகளே, அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

நேற்று மறுபடியும் செய்தேன். நன்றாகவே வந்தது. உப்பு பார்க்கும்போதுதான் கை நின்றுவிட்டது. உனக்கே தெரியும், அம்மா கூடத்தில் இருக்கிற என்னைக் கூப்பிட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, உப்பு பாருங்க என்பாள். நான் நக்கிவிட்டு ஏதோ நீதிபதி மாதிரி சரி என்பேன், கம்மி என்பேன். என் நாக்கில்தான் அந்த வீட்டுச் சமையலே நிற்கிறது என்று நினைப்பு. நேற்று எதிர்வீட்டில் ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்கப் போனபோது இதைப் பெருமையாகச் சொன்னேன். சுலோசனா சிரித்துவிட்டாள். அக்கா மொதல்லயே தன் கையில ஊத்திப் பாத்துட்டுத்தான் உங்களக் கூப்புடும், மனுசன் ஒருவாட்டி அடுப்பாண்ட வந்துட்டுப் போவட்டும்னு சொல்லும் என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கிண்ணத்தைக்கூடத் திரும்ப வாங்காமல் வந்துவிட்டேன். அது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பண்டை நின்றிருப்பேன்.

மற்ற அளவெல்லாம் தனித்தாளில் இருக்கிறது. உப்புக்கு மட்டும் அளவு எழுதவில்லை. உனக்கு சரி என்று தெரிந்தாலும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு சொட்டு கையில் விட்டுக் கேள். பாப்பாவையும் கேள்.

பதினெட்டாம் தேதி மாப்பிள்ளையின் சிநேகிதர் கமலக்கண்ணன் அங்கே வருகிறார். அவரிடம் ஆறு உருண்டை கொடுத்திருக்கிறேன். ஈரக்கையோடு தொடாதே. குளிர் வந்தால் காதை மூடிக்கொள், பாப்பாவைத் திட்டாதே. மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும்.

ஒன்பதில் இரண்டு போக, ஆறு உனக்கு. மிச்சம் ஒன்று இங்கே டப்பாவில் இருக்கிறது. லீவு கிடைக்கும்போது வா. நான் சமைக்கிறேன், நீ வந்து உப்பு பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தராசு